பந்தலுக்கு வந்த நாலு முட்டு

தம்பி,

போன புதன்கிழமை உன் மாமனார் திருநாவலூரிலிருந்து குத்துவிளக்கும் மிக்சியும் புதுப் பாயும் ஏற்றிக்கொண்டு நம் வாசலில் வந்து இறங்கிய நேரத்தில், நான் பட்டறையில் ஒரு பலகைமேல் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தேன். நீயும் மருமகளும் புதுச்சேரிக்குக் குடித்தனம் போகிறீர்கள், அதற்குச் சாமான் கொண்டு வருகிறார் என்று உன் அம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். அதெல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது. அதே பலகைமேல் காலையில் புது டப்பா எபாக்சிப் பசையைக் கலந்து ஊற்றிப் பார்த்தவன் நான்தான் என்பது மட்டும் மறந்துபோயிற்று. சத்தம் கேட்டு விழித்து, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே எழுந்தேன். பலகையும் எழுந்தது. பாதி குனிந்த நிலையில், பின்னால் மூன்றடிப் பலகை தொங்க, கும்பிட்ட கையைப் பிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் நின்ற கோலத்தை அவர் ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். “இன்னா சம்பந்தி, நாக்காலியக் கையோட எடுத்துக்கினு வரீங்க” என்றார்.

உன் அம்மா சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. கத்தரிக்கோல் கொண்டுவந்தாய், எனக்குப் பின்னால் மண்டியிட்டு வேட்டியை வட்டமாக வெட்டினாய், கொடியிலிருந்து ஒரு கைலியை உருவிக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். போன வருஷமாக இருந்தால் அதை வீடியோ எடுத்து நம் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பியிருப்பாய். நான் திட்டுவேன், நீ இன்னொரு தடவை போட்டுக் காட்டுவாய். பலகையில் அந்த வேட்டித் துண்டு இன்னும் அப்படியே இருக்கிறது. உளி போட்டும் வரவில்லை. பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்காமல் போன எபாக்சி, என் பின்பக்கத்தில் மட்டும் இப்படிப் பிடிக்குமா என்று நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் வயிற்றில் கிடந்த கோபம் தொண்டைக்கு வந்தது. பங்குனியிலிருந்து கிடக்கிற கோபம் அது. நீ புதுச்சேரிக்கு வண்டி ஏறுவதற்குள் அதைக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம்மைப்போல மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் நாலு பேர் படிக்கட்டும். கரியாலூருக்கும் ஒரு நகல் போகிறது. யாருக்கு என்று உனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டியதற்கு எல்லோர் முன்னாலும்தான் பதில் எழுதவேண்டும் என்பது என் கணக்கு. பத்தாவதில் கணக்கில் இரண்டு தடவை தவறியவன் கணக்கு இது, பார்த்துக்கொள்.

தெரியாதவர்களுக்காக நம் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஓட்டு வீடுகளில் கூரை மொத்தத்தையும் தாங்குகிற பெரிய மரம் உத்தரம். அதன் நடுப்பகுதி நூறு வருஷம் ஆனாலும் கல்லாட்டம் இருக்கும். சுவருக்குள் சொருகியிருக்கிற முனைதான் மழைத்தண்ணீர் குடித்துக் குடித்து உளுத்துப்போகும். அந்த ஒன்றரை அடிக்காக முழு உத்தரத்தையும் கழற்றி எறிய வேண்டியதில்லை. கீழே இரும்பு முட்டு கொடுத்துப் பாரத்தை வாங்கிக்கொண்டு, உளுத்ததை நல்ல மரம் தெரிகிறவரை வெட்டி எடுத்துவிட்டு, மிச்ச மரத்தைக் காயவிட்டு, அதில் துளை போட்டுக் கம்பி சொருகி, எபாக்சிக் கலவையால் புது முனை வார்த்துவிடலாம். நன்றாகச் செய்தால் வார்த்த முனை மரத்தைவிட உறுதியாக நிற்கும். நன்றாகச் செய்தால் என்று எழுதும்போதே எனக்குப் பேனா தடுக்குகிறது.

நான் இந்த வேலையை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பது உனக்கே தெரியும். இருபது வருஷம் நிலையும் கதவும் செய்துகொண்டிருந்தவன். புதுச்சேரியில் ஒரு பழைய பங்களாவுக்கு முட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள், போனேன். அங்கே ஒரு இன்ஜினியர் இரண்டு டப்பாவைக் கலந்து உத்தரத்தின் வாயில் ஊற்றுவதை நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தியாகதுருகத்தில் முதல் வேலை பிடித்தேன். ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு என்று டப்பாவில் எழுதியிருந்ததை நான் மதிக்கவில்லை. கார் வண்டிக்குப் பட்டி பார்க்கிறவன் ஹார்டனர் ஜாஸ்தி போட்டால் சீக்கிரம் இறுகுகிறதே, இதுவும் அப்படித்தானே என்று, பாதிக்குப் பாதி ஊற்றிக் கண்ணளவில் கலக்கினேன். எபாக்சியில் அப்படி இல்லை. இரண்டு பங்கு ரெசின் ஒரு பங்கு ஹார்டனரைத்தான் தேடிப் பிடித்துக்கொள்ளும், மிஞ்சியது பிடிக்க ஆளில்லாமல் அலையும். மூன்று நாள் கழித்து வீட்டுக்காரர் ஏணியில் ஏறி விரலால் குத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது. “இன்னா மேஸ்திரி, அல்வா கிண்டி வச்சிருக்க” என்றார். ஐந்து நாள் உட்கார்ந்து அந்த அல்வாவைச் சுரண்டினேன். கீழே முட்டு நின்றதால் அவர் வீடும் நின்றது, என் மானமும் ஏதோ நொண்டியபடி நின்றது.

டிப்ளமா முடித்துவிட்டு நீ என்னோடு வந்த முதல் வாரமே ஒரு எடை மெஷினை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். நகைக்கடையா வைக்கப்போகிறாய் என்று கேட்டேன். நீ பதிலே சொல்லாமல் டம்ளரை வைத்துக் கிராம் பார்த்து ஊற்றினாய். கையுறை போடாதே, மரத்தைத் தொட்டால்தான் தெரியும் என்றேன். போட்டாய். நான் கை முழுக்கத் தடிப்பு வந்து ஒரு மாதம் உன் அம்மா கையால் உருண்டைச் சோறு வாங்கிச் சாப்பிட்டேன், உனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு இரண்டு ஊசி வைத்த மீட்டர் ஒன்று வாங்கினாய். மரத்தில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று நம்பர் காட்டும், பதினைந்துக்குக் கீழே வந்தால்தான் காய்ந்த மரம். மரத்தை முகர்ந்தே ஈரம் சொல்லுவேன் நான், எனக்கு எதற்கு இந்த எழவு என்றேன். முகர்ந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றாய். காய்ந்தது என்றேன். மீட்டர் இருபத்தெட்டு காட்டியது. அன்றைக்கு நீ எவ்வளவு நேரம் சிரித்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா. தலைமுடியை ஒட்ட வெட்டு என்றால் வெட்டமாட்டாய், பைக்கை மெதுவாக ஓட்டு என்றால் ஓட்டமாட்டாய், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் எடு என்றால் சிவில் எடுப்பாய். உன் இருபத்தேழு வருஷத்தில் என் பேச்சைக் கேட்டு நீ செய்த காரியம் என்று உட்கார்ந்து எண்ணினால் ஒரு கை விரல் மிச்சமாகும். அதனால்தான் நீ உருப்பட்டாய். அதைத் தெரிந்துகொண்டேதான் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் கரியாலூர் வந்தது. போன கார்த்திகைக் கடைசியில் கரியாலூர் மலையிலிருந்து சின்னசாமி என்பவர் நம் பட்டறைக்கு வந்தபோது நான்தான் ஆளை உட்காரவைத்துப் பேசினேன். மலையில் ஓட்டு வீடு, வேங்கை உத்தரம், அவர் தாத்தா காலத்தில் பத்து ஆள் தூக்கி ஏற்றிய மரம். ஐப்பசி மழையில் ஓடு உடைந்து சுவருக்குள்ளேயே தண்ணீர் இறங்கியிருக்கிறது. இன்றைக்கு அந்தக் கனத்தில் ஒரு வேங்கைக்கு எங்கே போவது. மலையில் ஒரு கிளையை வெட்டினாலே வனத்துறைக்காரர் வந்து நிற்பார். தன் மருமகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள், தூளி கட்டுவதே அந்த உத்தரத்தில்தான், தலைக்குமேல் அப்படிக் கிடப்பதைப் பார்த்தால் தூக்கம் வரவில்லை என்றார். நான் மார்பைத் தட்டிக்கொண்டு, பையனை அனுப்புகிறேன், அவன் செய்தால் உங்கள் பேரனுக்குப் பேரன் அதில் தூளி கட்டுவான் என்றேன். மார்பைத் தட்டுவதில் எனக்கு எப்போதும் குறைச்சல் இல்லை.

நீ மலைக்குப் போனாய். அங்கே நீ செய்த ஒவ்வொன்றும் சரி. உடைந்த ஓடுகளை மாற்றித் தண்ணீர் வரும் வழியை அடைத்தாய். நாலு இரும்பு முட்டும் கொடுத்து உத்தரத்தைத் தூக்கி நிறுத்தினாய். உளுத்ததை வெட்டி, வைரம் பாய்ந்த நல்ல மரம் தெரிகிறவரை போய் நிறுத்தினாய். தூளியை வாசல் பக்கத்துக்கு மாற்றிக் கட்டச் சொன்னாய். மார்கழிப் பனியில், மலையில் மத்தியானம் வரைக்கும் வெயிலே எட்டிப்பார்க்காத இடத்தில், மரம் காயட்டும் என்று உட்கார்ந்திருந்தாய். இங்கே கீழே உனக்குக் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று, தை ஒன்பது. தை நாலில் பந்தக்கால், அன்றைக்கே உனக்குக் காப்புக் கட்டு. கையில் மஞ்சள் காப்பு ஏறிவிட்டால் மாப்பிள்ளை ஊர் எல்லை தாண்டக்கூடாது, ஆற்றையும் மலையையும் நினைத்தே பார்க்கக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். உன் அம்மா தினமும் ரெண்டு வேளை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தை மூன்றாம் தேதி காலையில் நீ போன் செய்தாய். நான் சின்னசேலத்தில் பத்திரிகை வைத்துவிட்டு, யாரோ கொடுத்த மூன்றாவது காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். “அப்பா, மீட்டர் முப்பதுக்கு மேல காட்டுது. இது காய இன்னும் ரெண்டு மாசம் ஆவும். முட்டு நாலயும் அப்படியே உட்டுட்டு எறங்கறேன். கல்யாணம் முடிஞ்சி வந்து பாத்துக்கலாம்.” இதைவிடப் புத்தியாக ஒருவன் பேச முடியாது. முட்டு நிற்கிற வரைக்கும் அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டு மாதம் இல்லை, இரண்டு வருஷம் நிற்கட்டும். ஆனால் நான் ஏற்கெனவே பந்தல்காரனிடம் சவுக்குக் கம்பு வேண்டாம், முகப்புக்கு நம்மிடமே நாலு இரும்பு முட்டு இருக்கிறது, அதில் சீரியல் செட் சுற்றினால் எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவைத்திருந்தேன். சம்பந்தி வீட்டார் வண்டியிலிருந்து இறங்கும்போது நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் சொன்னேன். “முட்டு நாலும் பந்தலுக்கு வேணும். இருக்கறபடியே பூசிட்டு, பெயிண்ட அடிச்சிட்டு, கையோட எடுத்துக்கினு எறங்கு.” ஈர மரத்தில் பிடிக்காது, குளிரில் இறுகாது என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாய். நான் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னேன். “ஒரே ஒரு தடவ என் பேச்சக் கேளு.”

கேட்டுவிட்டாய். பாவி, கேட்டுவிட்டாய்.

இதுதான் என் கோபம். இதைத் தவிர வேறு எதுவும் இல்லை. முடி வெட்டச் சொன்னபோது கேட்காத காது, பைக்குக்குக் கேட்காத காது, உத்தரத்துக்கு மட்டும் எப்படித் திறந்தது. உனக்குப் படிப்பு இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, முப்பது என்று கண்ணெதிரே நம்பர் இருக்கிறது. என்னிடம் என்ன இருந்தது. மூன்று காப்பியும் ஒரு ஆசையும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் அப்பனை எதிர்த்துப் பேசக்கூடாது என்று எந்த மடையன் உனக்குச் சொன்னான். கல்யாணச் சமயத்தில் மனஸ்தாபம் வேண்டாம் என்று நினைத்தாயா. போனை வைத்துவிட்டு, சிக்னல் இல்லை என்று பொய் சொல்லியிருக்கக்கூடாதா. கரியாலூரில் சிக்னல் இல்லை என்றால் யார்தான் நம்பமாட்டார்கள். வழக்கமாக நீ சொல்கிற பொய்தானே அது.

தை ஒன்பதில் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. முகப்பில் நாலு முட்டும் ஜரிகைத் தாள் சுற்றிக்கொண்டு, பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டு நின்றன. சம்பந்தி வீட்டார் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெயிலாக இருந்தது, நேராகப் பந்திக்குப் போய்விட்டார்கள். சின்னசாமி மலையிலிருந்து ஒரு தூக்குத் தேனும் ஒரு மூட்டை சாமையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அவரை நான்தான் கையைப் பிடித்து அழைத்துப்போய், காற்று வரும் இடமாகப் பார்த்து, அந்த முட்டு ஒன்றின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவர் அதில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டார். நீ மணவறையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து அவரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிடுவேன்.

பங்குனி நடுவில் சின்னசாமி போன் செய்தார். “மேஸ்திரி, உத்தரம் எறங்குதுங்க. கொழந்த மேல மண்ணு கொட்டுது” என்றார். அவர் சத்தம் போடவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு லோடு வண்டி பிடித்து, நாலு முட்டுகளையும் தூக்கிப்போட்டுக்கொண்டு மலை ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் அவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் உத்தரத்துக்கு அடியில் இரண்டு மூங்கிலை நிறுத்திக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். முன்தினம் மத்தியானம் மருமகள், வேலை முடிந்ததென்று மறுபடி உத்தரத்திலேயே கட்டியிருந்த தூளியை ஆட்டிக்கொண்டிருந்தபோது மேலே கிரீச்சென்று கேட்டிருக்கிறது. பிள்ளையின் நெற்றியில் சுவர் மண் உதிர்ந்திருக்கிறது. அவள் யோசிக்கவே இல்லை, பிள்ளையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறாள். தூளி மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு பழைய பச்சைச் சேலை. அதன் அடியில் ஒரு கைப்பிடி மண். உத்தரம் சுவரை விட்டு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

ஏணியில் ஏறி ஸ்குரூ டிரைவரை மரத்துக்கும் கலவைக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன். அழுத்தக்கூட இல்லை, வைத்தேன். அது தானாக உள்ளே போனது. பல் செட்டு ஈறிலிருந்து கழன்று வருவதுபோல நீ வார்த்த முனை தனியாக ஆடியது. உள்ளே மரத்தில் தண்ணீர் வியர்த்து நின்றது. கம்பி சொருகிய துளையில் கலவை இன்னும் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. வெளியே பார்த்தால் பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. மூங்கிலுக்குப் பக்கத்தில் நம் முட்டுகளை ஏற்றினோம். அவசரத்தில் ஜரிகைத் தாளைப் பிய்க்காமலே கொண்டுபோயிருந்தேன். சின்னசாமி அதைத் தடவிப் பார்த்தார். கல்யாணத்தில் இதன்மேல் சாய்ந்துதானே உட்கார்ந்திருந்தேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என் வீட்டில் முதலில் நின்ற முட்டு மாதிரியே இருக்கிறதே என்றார். எல்லா முட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொன்னேன். கீழே இறங்கி நின்றபோது என் சட்டையெல்லாம் பச்சையும் தங்கமுமாக ஜரிகைப் பொடி.

அப்புறம்தான் நான் உனக்குப் போன் போட்டேன். உங்கள் பையனையே கேளுங்கள், என்ன ஆச்சென்று அவனுக்குத்தானே தெரியும் என்று சின்னசாமி சொன்னார். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நீ எடுத்ததும் நான் கத்திய கத்தலில் வாசலில் இருந்த பிள்ளை அழ ஆரம்பித்தது. சோறு தின்கிறாயா, படித்த படிப்பு எங்கே போனது, ஒரு குடும்பம் படுத்துத் தூங்குகிற கூரைக்கு அடியில் இப்படிச் செய்ய மனசு எப்படி வந்தது என்றெல்லாம் கேட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. “ஈர மரத்துல பூசச் சொல்லி எவன்டா உனக்குச் சொன்னான்” என்று கேட்டேன். கேட்டவன் நான். சின்னசாமி போனைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நீ சொன்னாய். “தப்புதாம்பா. ஞாயித்துக்கெழம வரேன்.” சின்னசாமிக்கே மனசு கேட்கவில்லை. “உடுங்க மேஸ்திரி. புதுசா கல்யாணம் ஆனவன், ஏதோ அவசரத்துல செஞ்சிட்டான்” என்றார். நான் தலையை ஆட்டினேன். பெரிய மனசு பண்ணி உன்னை மன்னித்தவன்போல ஆட்டினேன். வீட்டில் கண்ணாடி இல்லாதது நல்லதாகப் போயிற்று.

உன்மேல் எனக்கு இருக்கிற இரண்டாவது கோபம் அது. நீங்கள்தானே சொன்னீர்கள் என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்பீக்கரில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாமலா இருக்கும். அப்பன் மானத்தைக் காப்பாற்றினாயாக்கும். என் மானம் என்ன வேங்கை மரமா, காப்பாற்றி வைக்க. அது தியாகதுருகத்திலேயே அல்வாவாகப் போன சரக்கு. நீ அதைப் பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டாய், உள்ளே எனக்குத் தண்ணீர் வியர்த்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாய். என்னோடு பேசாமல் வேலை செய்தாய். பழைய வார்ப்பைப் பெயர்த்து எறிந்தோம். சித்திரை வெயில் மலைக்கும் வந்தது, உத்தரத்தின் முனை காற்று வாங்கிக்கொண்டு கிடந்தது. வாரத்துக்கு ஒரு நாள் வந்து மீட்டரைக் குத்திப் பார்த்துவிட்டு, நம்பரைச் சுவரில் கரியால் எழுதிவிட்டுப் போனாய். இருபத்தாறு, இருபத்திரண்டு, பத்தொன்பது என்று அது இறங்கியது. பதினாலு வந்த அன்றுதான் டப்பாவைத் திறந்தாய். கிராம் பார்த்து ஊற்றினாய், டம்ளரின் ஓரமெல்லாம் வழித்து வழித்துக் கலக்கினாய், சூடேறாமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகவே கலந்து வார்த்தாய். நான் கம்பியை எடுத்துக் கொடுத்தேன், கையுறை போட்டுக்கொண்டு கொடுத்தேன், அதையாவது கவனித்தாயா. சுவருக்குள் முனையைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டாய். வார்த்து முடித்து ஏழு நாள் ஆகிற வரைக்கும் முட்டில் கை வைக்க விடவில்லை. என் மகன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. சொல்ல முகம் இல்லை.

திங்கட்கிழமை புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறாய். அங்கே பழைய வீடு ஒவ்வொன்றிலும் உன் தலைக்குமேல் வரிசையாக உத்தரம் இருக்கும். உனக்கு மேலே ஒரு காண்ட்ராக்டர் இருப்பார். அவருக்குத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்திருக்கும், நாலு முட்டு வேறு இடத்துக்குத் தேவைப்படும், ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேள் என்பார். நல்லவராகத்தான் இருப்பார். காப்பிகூட வாங்கிக் கொடுப்பார். அன்றைக்கு மீட்டரைப் பார், அவர் முகத்தைப் பார்க்காதே. முட்டுகளை எடுக்கச் சொன்னால் எடுக்காதே. வேலை போனால் வீட்டுக்கு வா, பட்டறை இருக்கிறது, ஒரு பலகையும் இருக்கிறது, வேட்டித் துண்டோடு. நான் செத்துப் பேயாக வந்து பூசு என்று சொன்னாலும் கேட்காதே. இருபத்தேழு வருஷம் உன்னிடம் இருந்த நல்ல பழக்கம் அது, கல்யாணத்துக்காக விட்டுவிடாதே.

ஒன்று மட்டும் பாக்கி. முட்டு எடுத்த நாள். நீ ஒவ்வொரு முட்டாகத் திருகி இறக்கினாய். நாலாவது இறங்கியபோது நாம் மூன்று பேரும் மூச்சு விடாமல் மேலே பார்த்தோம். உத்தரம் ஒரு முனகல்கூட முனகவில்லை. சின்னசாமியின் மருமகள் உள்ளே வந்து, பச்சைச் சேலையை உதறி, உத்தரத்தின்மேல் எறிந்து, முடிச்சுப் போட்டு, தன் முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் படுக்கவைத்தாள். சின்னசாமி உன் தோளில் கை போட்டார். சந்தோஷத்தில்தான் சொன்னார், வேறு எதுவும் அவர் மனசில் இல்லை. “இனிமேயாவது அப்பா பேச்சக் கேட்டு வேல செய் தம்பி” என்றார். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். அதே மணவறைப் பார்வை. “சரிங்க” என்றாய்.

நான் எடை மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. தூளி ஆடிக்கொண்டிருந்தது, நீ முட்டுகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் என் வாய்வரை வந்து, பல்லில் முட்டி, திரும்பிப் போன வார்த்தை இதுதான்:

“சின்னசாமி, அவன் என் பேச்சக் கேட்டுதாங்க பூசனான்.”